நிற்க

பழைய தமிழ்க் கடுதாசிகளில் ஒரு சொல் தனி வரியில் நிற்கும். "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கி, வீட்டுப் பெரியவர்கள், பிள்ளைகள், ஆடு மாடு, மழை, விளைச்சல் என்று எல்லாவற்றின் சுகத்தையும் கேட்டு முடித்த பிறகு "நிற்க" என்று எழுதுவார்கள். அதற்குக் கீழேதான் சமாச்சாரம். பணம் கேட்பதோ, கல்யாணப் பேச்சோ, சாவுச் செய்தியோ, சண்டையோ, எதுவானாலும் அந்த ஒரு சொல்லைத் தாண்டித்தான் வர வேண்டும்.

மலேசியாவின் கோலசிலாங்கூரில் புக்கிட் ரோத்தான் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவன் நான். 1970-களின் கடைசியில், எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது, தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குக் கடுதாசி எழுதும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. அதற்குமுன் ஆபிஸ் கிராணியோ பள்ளி வாத்தியாரோ எழுதிக் கொடுப்பார்கள். கிராணியிடம் போய் நிற்க ஜனங்களுக்குக் கூச்சம். வாத்தியாருக்கு நேரம் இருக்காது. அதனால் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆறாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டு வாசலுக்கு, சம்பளம் போட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆள் வரும். கையில் நீல நிற ஏரோகிராம் இருக்கும்.

ஏரோகிராமைப் பார்த்திராத இளையவர்களுக்குச் சொல்கிறேன். அது ஒற்றைத் தாள். எழுதி மடித்து ஓரத்தை ஒட்டினால் அதுவே உறையாகிவிடும். உள்ளே வேறு எதையும் வைக்கக் கூடாது. இடம் தீர்ந்தால் தீர்ந்ததுதான். எழுத்தைப் பொடிப்பொடியாக்கி, மடிப்பு ஓரங்களில்கூடச் செருகி எழுதுவோம். தப்பாக எழுதிவிட்டால் இன்னொன்று வாங்கக் காசு வேண்டும். அந்தக் காசு அன்றைக்குப் பால் வெட்டிச் சம்பாதித்த காசு.

எங்கள் வரிசையில் ஆறாம் வீட்டில் ஓர் அத்தை இருந்தார். சொந்த அத்தை இல்லை, லயத்தில் எல்லாரும் அத்தைதான். முசிறிப் பக்கத்தில் இருக்கும் அவருடைய அண்ணன், தகப்பனார் விட்டுப்போன நிலத்தை முழுக்கத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டுவிட்டார் என்று ஊருக்குப் போய்வந்த யாரோ சொல்லிவிட்டார்கள். அத்தை வெட்டுக் காட்டிலிருந்து வந்த உடம்போடு, தலைத்துண்டைக்கூட அவிழ்க்காமல் வந்து உட்கார்ந்தார். "எழுதுய்யா. நீ விளங்கமாட்டே, உன் குடும்பம் தலையெடுக்காதுன்னு எழுது" என்றார். நலம் விசாரிப்பெல்லாம் வேண்டாம் என்றார். "நிற்க போடணுமா அத்தே?" என்று கேட்டேன். "எதுக்கு நிக்கணும்? எழுது" என்றார். எழுதினேன். பக்கம் நிரம்பியது. வழக்கம்போல, "படிச்சுக் காட்டுறேன், கேளுங்க" என்று சத்தமாகப் படித்தேன்.

எல்லாம் அவர் சொன்ன சொற்கள்தான். ஆனால் பதினொரு வயதுப் பையனின் வாயிலிருந்து கேட்டபோது அவருக்கே வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். வாசலில் இருந்த தண்ணீர்க் குழாயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க இத யாருய்யா படிச்சுக் காட்டுவா?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? அவரே பதிலும் சொன்னார்: "எங்கண்ணனுக்குப் படிக்கத் தெரியாது. அவன் மகதான் படிப்பா. உன் வயசு இருக்கும்."

ஏரோகிராமை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதச் சம்பளம் கழித்துப் புதிதாக ஒன்று வாங்கி வந்தார். அதில் நலம் இருந்தது, நிற்க இருந்தது. நிலத்தைப் பற்றி ஒரே ஒரு வரி: "நான் கேள்விப்பட்டது நெசமா அண்ணே?"

நிலம் என்ன ஆயிற்று என்று எனக்கு நினைவில்லை. அந்தக் கேள்வி நினைவிருக்கிறது. அங்கே இதை யார் படித்துக் காட்டுவார்கள்?

கடுதாசி எழுதும் பிள்ளைகளுக்கு எங்கள் பள்ளி ஆசிரியர் ஒரு பாடம் சொல்லித் தந்தார். "சொல்றதையெல்லாம் காதுல வாங்கு. உடனே எழுதாதே. ‘நிற்க’ போட்டதும் பேனாவைத் தாள்ல இருந்து எடுத்துடு. மூச்சு விட்டுட்டு, இப்ப என்ன வேணும்னு கேளு. அவங்க ரெண்டாவது தடவ சொல்றதுதான் சமாச்சாரம்." பிற்காலத்தில் எத்தனையோ பயிற்சிப் பட்டறைகளுக்குப் போயிருக்கிறேன். இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்லிக் கேட்டதில்லை.

அந்தக் காலத்துச் செய்திக்கு வழியெல்லாம் தடைகள் இருந்தன. எங்கள் தாத்தா காலத்தில் தபால் ராஜூலா கப்பலில் போனது. 1926-இல் கட்டப்பட்ட கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹம், சிங்கப்பூர் என்று அரை நூற்றாண்டுக்குக் கிட்ட ஓடியது. நாம் ஏறி வந்த கப்பலிலேயே நம் சொற்களும் திரும்பிப் போயின. கடலில் பல நாள், அப்புறம் ஊர்த் தபாலாபிஸ், அங்கே படிக்கத் தெரிந்த ஒருவர், பிறகு பதில் எழுத ஒருவர். மாதக்கணக்கு ஆகும். கோபத்துக்கு அவ்வளவு நாள் ஆயுள் கிடையாது. பதில் வரும்போது எழுதியவருக்கே ஏன் கோபப்பட்டோம் என்பது பாதி மறந்திருக்கும்.

அச்சில் பேசக் கற்றுக்கொண்ட பதின்ம வயதினரும் இங்கே இருந்தார்கள். சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி நடத்திய தமிழ் முரசு நாளிதழ், 1950-களில் மாணவர் மணிமன்றம் என்ற பகுதியை வளர்த்தது. மலாயா முழுவதிலுமிருந்து, தோட்டங்களிலிருந்தும் மாணவர்கள் அதற்கு எழுதினார்கள். மலேசியத் தமிழ் எழுத்தாளர்களில் ஒரு தலைமுறை அந்த மன்றத்தில் கைபழகியது. முகம் தெரியாத ஆயிரம் பேரிடம் பேசுவதை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை அங்கே கற்றுக்கொண்டது. எழுதியதைத் திருத்த ஒரு மூத்தவர் இருந்தார். கீழே பெயரும் ஊரும் இருந்தன. பெயரைப் போட்டு எழுதுபவன் சொல்லை நிறுத்துப் போடுவான்.

இப்படிச் சொல்வதால் அந்தக் காலம் பொற்காலம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் தோட்டத்தில் மொட்டைக் கடிதங்களால் நின்றுபோன கல்யாணங்கள் உண்டு. பெயர் போடாமல், இடது கையால் எழுதி, பெண்ணைப் பற்றி மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பெண் பிள்ளைக்கு வந்த கடிதத்தை அப்பா பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார், சிலர் கொடுக்கவே மாட்டார்கள். எழுதத் தெரியாத ஒரு பெண், புருஷன் அடிப்பதைத் தன் தாய்க்கு எப்படிச் சொல்வாள்? பதினொரு வயதுப் பையனிடம் அதைச் சொல்லி எழுதச் சொல்ல முடியுமா? "நான் நல்லா இருக்கேன்னு எழுதுய்யா" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். அந்த ‘நலம்’ பொய் என்று எனக்கு அப்போதே தெரியும். இன்று அந்தப் பெண்ணின் பேத்தி, நள்ளிரவில் தன் அக்காவுக்கு ஒரு குரல்பதிவில் எல்லாவற்றையும் சொல்லிவிட முடிகிறது. கைப்பேசி நமக்குக் கொடுத்த கொடை இது. இதை மறந்துவிட்டு இளையவர்களுக்கு உபதேசம் செய்யக் கூடாது.

அப்புறம் எல்லாம் மாறியது. மாற்றத்தின் விதை எங்கள் மாவட்டத்திலேயேதான் விழுந்தது. இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் கோலசிலாங்கூரின் தென்னமாரத்தில் உருவானது. ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டது.  பல பத்தாண்டுகள் கழித்து ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டார்கள். தோட்டங்கள் கைமாறின, சில வீட்டு மனைகளாயின. நம் ஜனங்கள் பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புஞ்சாக் ஆலம், ரவாங் பக்கம் தாமான் எனும் குடியிருப்புகளுக்கும் மலிவு விலை அடுக்கு வீடுகளுக்கும் போனார்கள். சுதந்திரம் கிடைத்த நேரத்தில் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று சுமார் 530-தான் இருக்கின்றன. பல பள்ளிகளின் பெயரில் மட்டும் தோட்டம் என்று பொருள்படும் ‘லாடாங்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது, தோட்டத்தைக் காணோம்.

போன வருஷம் எங்கள் பழைய தோட்டத்துப் பக்கம் போயிருந்தேன். லயம் இருந்த இடத்தில் தொழிலாளர் விடுதி. ஒரு வங்காளதேசத்து இளைஞர் படியில் உட்கார்ந்து கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். திரையில் ஒரு குழந்தை. தாத்தா தபாலுக்குக் காத்து உட்கார்ந்திருந்ததும் ஏறக்குறைய அதே இடம்தான்.

நம் பிள்ளைகளின் கைக்குக் குறுஞ்செய்தி வந்தபோது தமிழ் எழுத்து அதில் இல்லை. ஆங்கில எழுத்தில் 160 இடம் இருக்கும் ஒரு குறுஞ்செய்தியில் தமிழ் எழுத்தைப் போட்டால் 70 இடம்தான். அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியாகக் கணக்காகும். அதனால் பிள்ளைகள் தமிழை ரோமன் எழுத்தில் அடிக்கப் பழகினார்கள். அந்தத் தடையை உடைத்ததிலும் ஒரு சிலாங்கூர்க்காரருக்குப் பங்கு உண்டு. கேரித் தீவைச் சேர்ந்த கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ மென்பொருளை 1980-களிலேயே உருவாக்கியவர். 2005-இல் கைப்பேசிக்காகச் ‘செல்லினம்’ கொண்டுவந்தார். இன்று எல்லாக் கைப்பேசியிலும் தமிழ் இருக்கிறது. ஆனாலும் எனக்குத் தெரிந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் இன்னும் ரோமன் எழுத்தில்தான் தமிழ் அடிக்கிறார்கள். அப்படி அடித்தால் ‘கொள்’ளும் ‘கொல்’லும் ஒன்றாகிவிடும். அவசரத்தில் ‘வாங்க’வின் வால் உதிர்ந்து ‘வா’ மட்டும் மிஞ்சும். மரியாதையை வினைமுற்றிலேயே வைத்திருக்கும் மொழி நம்முடையது. வால் உதிர்ந்தால் மரியாதையும் உதிரும்.

2020 மார்ச் 18-இல், கோவிட் காலத்தில், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளி மூடியது. பாடம் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அதுவரை கைப்பேசி இல்லாத பத்து வயதுப் பிள்ளைக்கும் கடன் வாங்கியாவது பெற்றோர் வாங்கிக் கொடுத்தார்கள். வேறு வழி இல்லை. பாடத்துக்கென்று வந்தது, பாடம் முடிந்தும் கையிலேயே தங்கிவிட்டது. சைக்கிளைக் கொடுத்தால் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவோம். இதைக் கொடுத்துவிட்டு ஓர் அடிகூட யாரும் ஓடவில்லை. நானும் ஓடவில்லை.

லயத்து வீடுகளில் நடுச்சுவர் கூரை வரை போகாது. ஒரு வீட்டில் குரல் உயர்ந்தால் பத்து வீட்டுக்குக் கேட்கும். யாராவது ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "என்னடா அங்க சத்தம்?" என்று வந்துவிடுவார். மானம் போகும் என்பது உண்மை. ஆனால் ஆள் வரும். இன்று பதினான்கு வயதுப் பிள்ளை தன் அறையில் படுத்துக்கொண்டு பதினெட்டுப் பேரிடம் ஒரே நேரத்தில் வசவு வாங்கிக்கொண்டிருக்கும், கூடத்தில் நாடகம் பார்க்கும் தாய்க்கு ஒரு சத்தமும் கேட்காது. இன்றைய சண்டைக்கும் அன்றைய சண்டைக்கும் நான் காணும் பெரிய வித்தியாசம் இதுதான். சொற்கள் புதிதில்லை, அவற்றைவிட மோசமானவற்றை லயத்தில் கேட்டிருக்கிறேன். இன்றைய சண்டைக்குச் சத்தம் இல்லை என்பதுதான் பயமாக இருக்கிறது.

2024 ஜூலையில் ஈஷா என்று அறியப்பட்ட ராஜேஸ்வரி அப்பாஹு இறந்தார். டிக்டாக்கில் இயங்கிவந்தவர். இணையத்தில் அவரைக் குறிவைத்துத் தொடர்ந்து வீசப்பட்ட வசைகளுக்கும் மிரட்டல்களுக்கும் பிறகு நேர்ந்த மரணம் அது. வீசியவர்களும் வீசப்பட்டவரும் நம் மொழி பேசியவர்கள் என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு அன்றிருந்த சிறுகுற்றச் சட்டத்தின்படி கிடைத்த அபராதம் 100 ரிங்கிட். நாடே கொதித்தது. அதன் பிறகு சட்டம் மாறியது. தண்டனைச் சட்டத்தில் பகடிவதைக்கென்றே புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. பகடிவதையால் ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் நிலை வந்தால் பத்து ஆண்டுவரை சிறை. 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவில், ஐம்பதாயிரமாக இருந்த அபராத உச்சவரம்பு ஐந்து லட்சம் ரிங்கிட் ஆனது. இவையெல்லாம் தேவை. ஆனால் சட்டம் வந்து சேரும்போது செய்தி போய்ச் சேர்ந்து, படிக்கப்பட்டு, வேலையை முடித்திருக்கும். அனுப்பும் விரலுக்கு முன்னால் வரவேண்டியது வேறு.

அதனால்தான் சனிக்கிழமை மாலைகளில் ஒரு கோயில் மண்டபத்தில் பிள்ளைகளோடு உட்காருகிறேன். பதின்மூன்றிலிருந்து பதினேழு வயது வரை, பன்னிரண்டு பதினான்கு பேர் வருவார்கள். எல்லாரும் தமிழ்ப்பள்ளியில் உறவுக் கடிதம், அலுவல் கடிதம் எல்லாம் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள். இடைநிலைப் பள்ளியில் ஆங்கிலத் தாளுக்கு எண்பது சொல்லில் மின்னஞ்சல் பதில் எழுதவும் பழகுகிறார்கள். இல்லாத ஒரு நண்பனுக்கு அழகாக எழுதுகிறார்கள். இருக்கிற நண்பனுக்கு எழுதத்தான் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

முதல் வகுப்பில் நான் செய்வது ஒன்றே ஒன்று. கடைசியாகக் கோபத்தில் அனுப்பிய செய்தி எதுவோ, அதைத் தேடி எடுத்து, பக்கத்தில் இருப்பவரிடம் சத்தமாகப் படிக்கச் சொல்வேன். பெயரைச் சொல்ல வேண்டாம், செய்தியை மட்டும். முதலில் சிரிப்பார்கள். மூன்றாவது ஆள் படிக்கும்போது சிரிப்பு நின்றுவிடும். ஒரு பையன் படிக்கவே மறுத்துவிட்டான். "ஐயா, இத வாயால சொல்ல முடியாது" என்றான். நான் வேறொன்றும் சொல்லவில்லை. அவனுக்கே புரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. வாயால் சொல்ல முடியாததை விரலால் சொல்ல முடிகிறது.

இரண்டாவது வகுப்பு துக்கத்துக்கு. வகுப்புத் தோழனுடைய தாத்தா இறந்துவிட்டார், என்ன எழுதுவாய்? ஒரு மாணவன் தாளில் எழுதிக் கொடுத்தது: "ஆர்ஐபி ப்ரோ." கூட ஒரு கைகூப்பும் படம். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கு வருத்தம் இருந்தது, சொல் இல்லை. "உங்க பாட்டி சாவு வீட்டுக்குப் போனா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டேன். யோசித்தான். "ஒண்ணும் பேச மாட்டாங்க ஐயா. போய்ப் பக்கத்துல உக்காருவாங்க. செத்தவரப் பத்தி ஏதாவது சொல்லி அழுவாங்க. அப்புறம் அந்த வீட்டு ஆளுங்கள சாப்பிட வைப்பாங்க." நான் சொன்னேன்: "அதையே எழுது." பத்து நிமிடம் எடுத்துக்கொண்டான். அவன் எழுதியதை அவனிடம் அனுமதி கேட்டு இங்கே தருகிறேன்:

"டேய், தாத்தா போனது இப்பதான் தெரிஞ்சுது. என் சைக்கிளுக்குக் காத்து அடிச்சுக் கொடுப்பாரு, காசு வாங்க மாட்டாரு. நாளைக்குக் காலையில அம்மாவும் நானும் வர்றோம். பசியாறிட்டு இரு. பதில் போட வேண்டாம்."

கடைசி வரியை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. துக்கத்தில் இருப்பவனை நீல டிக்குக்குப் பதில் சொல்லும் பாரத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என்று அவனுக்கே தோன்றியிருக்கிறது. படித்துவிட்டதைக் காட்டும் அந்த நீல டிக் வாட்ஸ்அப்பில் 2014-இல் வந்தது. படித்தும் பதில் போடவில்லையே என்ற வேதனை அதோடு சேர்ந்து வந்தது. லயத்தில் கடுதாசி போட்டவருக்கு, போய்ச் சேர்ந்ததா என்பதே தெரியாது. காத்திருப்பது ஒரு குணமாகவே இருந்தது. இப்போது மூன்று நிமிடம் பதில் இல்லையென்றால், ‘என்னைப் பிடிக்கவில்லை’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். சில சமயம் அந்தப் பக்கம் பிள்ளை குளித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

ஆசிரியருக்கு எழுதும் செய்தியையும் பழக்குகிறோம். இரவு பதினொன்றரைக்கு "டீச்சர் ஹோம்வொர்க் என்ன" என்று அனுப்பினால், அனுப்பிய பிள்ளைக்கு அது சாதாரணக் கேள்வி, படிக்கும் ஆசிரியைக்கு அது அதட்டல். வணக்கம், யார் என்ற பெயர், எந்த வகுப்பு, என்ன வேண்டும், நன்றி. ஐந்தும் இரண்டு வரியில் அடங்கும். காலையில் அனுப்பினால் இன்னும் நல்லது. இதை நீட்டிப் பேச ஒன்றுமில்லை, ஒரே வாரத்தில் பழகிவிடுகிறார்கள்.

கடினமானது குழுச் சண்டை. நாலாம் பாரம் படிக்கும் ஒரு மாணவி ஒரு நாள் வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றாள். தோழிகள் குழுவிலிருந்து அவளைத் தூக்கிவிட்டார்கள். அவள் இன்னொரு தோழியிடம் தனியாகச் சொன்ன ஏதோ ஒன்று, ஸ்கிரீன்ஷாட்டாக எடுக்கப்பட்டுக் குழுவில் போடப்பட்டிருந்தது. பதிலுக்கு மூன்று திரை நீளத்துக்கு அடித்து வைத்திருந்தாள், இன்னும் அனுப்பவில்லை. "படிச்சுக் காட்டும்மா" என்றேன். படித்தாள். எனக்கு ஆறாம் வீட்டு அத்தை ஞாபகம் வந்துவிட்டார். "இத அங்க யாரும்மா படிச்சுக் காட்டுவா?" என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. அத்தை கதையைச் சொன்னேன். நீ ஒருத்திக்கு எழுதுகிறாய், அதைப் படிக்கப் போவது யார் யார் என்று எண்ணிப் பார் என்றேன். விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். குழுவில் ஒன்பது பேர், அவர்களுடைய அக்கா தங்கைகள், வகுப்புப் பையன்கள். பதினைந்தைத் தாண்டியதும் நிறுத்திவிட்டாள்.

அன்றைக்கு அனுப்பவில்லை. மூன்று நாள் கழித்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்த தோழியின் வீட்டுக்கே போய்ப் பேசியிருக்கிறாள். பழையபடி சேர்ந்துவிட்டார்களா என்றால், இல்லை. பார்த்தால் பேசிக்கொள்கிறார்கள், அவ்வளவே. பரவாயில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த மூன்று திரையும் போயிருந்தால் பார்த்தால் பேசுவதும் இருந்திருக்காது. அனுப்பியதை அழிக்கும் வசதி 2017-இலும், பதினைந்து நிமிடத்துக்குள் திருத்தும் வசதி 2023-இலும் வாட்ஸ்அப்புக்கு வந்தது உண்மைதான். ஆனால் எதிர்ப்பக்கத்துக் கைப்பேசியில் எடுக்கப்பட்ட படத்தை நம்மால் அழிக்க முடியாது.

ஒன்றைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்கிறேன். பண்பு எல்லாரிடமும் காட்ட வேண்டியதில்லை. முகம் தெரியாதவன் படம் கேட்டாலோ, கொடுத்த படத்தை வைத்து மிரட்டினாலோ, அங்கே நலமும் வேண்டாம், நிற்கவும் வேண்டாம். பதில் எழுதாதே. எதையும் அழிக்காதே. படமெடுத்து வைத்துக்கொண்டு, நம்பும் ஒரு பெரியவரிடம் அன்றைக்கே காட்டு. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையிடம் பாலியல் நோக்கோடு செய்தி அனுப்புவதே 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தாலியான் காசே உதவி எண் 15999-இல் எந்நேரமும் எடுப்பார்கள். மனம் தாங்கவில்லை என்றால் பேசுவதற்குப் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929. இந்த எண்களை முதல் நாளே ஒவ்வொரு பிள்ளையின் கைப்பேசியிலும் ஏற்றிவிடுகிறோம். பெரியவர்களுக்கும் ஒன்று: பிள்ளை வந்து காட்டும்போது முதல் அடி, "உன்னை யாரு அனுப்பச் சொன்னா?" என்று பிள்ளை மேலேயே விழுகிறது. அப்படி விழும் வீட்டில் பிள்ளை இரண்டாவது தடவை வராது.

பெரியவர்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் மறைக்காமல் சொல்கிறேன். பிள்ளைகள் எங்கே கற்றார்கள்? குடும்பக் குழுவில் மாமாவும் சித்தப்பாவும் சீதனக் கணக்கை வைத்து அடித்துக்கொண்டதைப் படித்துத்தான். கோயில் நிர்வாகக் குழுவில் கணக்குக் கேட்டவரைப் பதினைந்து பேர் சேர்ந்து ஏசியதைப் பார்த்துத்தான். எதையும் சரிபார்க்காமல் ‘உடனே பகிரவும்’ என்று வந்ததையெல்லாம் தள்ளிவிடும் நம்மைப் பார்த்துத்தான். என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை கேட்டாள், "ஐயா, எங்கப்பாவையும் ஒரு நாள் கூட்டிட்டு வரலாமா?" என்று. கூட்டிவரச் சொன்னேன். இன்னும் வரவில்லை.

போன மாதம் ஒரு பழைய ஏரோகிராமை வகுப்புக்கு எடுத்துப் போயிருந்தேன். என் பெரியம்மா வீட்டுத் தகரப் பெட்டியில் கிடைத்தது. மடிப்பெல்லாம் கிழிந்து, நீலம் வெளுத்துப் போயிருந்தது. பிள்ளைகள் சுற்றி நின்று, எழுத்துக் கூட்டி, ஆளுக்கு இரண்டு வரியாகப் படித்தார்கள். ‘நிற்க’ வந்த இடத்தில் படித்துக்கொண்டிருந்த பையன் தானாக நிறுத்தினான். "இங்க நிக்கணுமா ஐயா?" என்றான். ஆமாம் என்றேன். எல்லாரும் கொஞ்ச நேரம் சும்மா நின்றார்கள். பிறகு அவன் தொடர்ந்து படித்தான். ஊரில் பெரியம்மாவின் அம்மாவுக்குக் கண் தெரியாமல் போய்விட்டது, மகள் முகத்தை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்ற செய்தி அடுத்த வரியில் இருந்தது.

கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், உலு சிலாங்கூர் பக்கத்து வீடுகளில் இப்படித் தகரப் பெட்டிகள் இன்னும் இருக்கும். வீடு மாறும்போது அந்தக் கடுதாசிகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை உட்காரவைத்து அவர்கள் வாயாலேயே படிக்கச் சொல்லுங்கள். பெட்டியில் ஒன்றும் இல்லையென்றால், உங்கள் பிள்ளைக்கு நீங்கள் கடைசியாக அனுப்பிய செய்தியை எடுத்து, ஒரு தடவை சத்தமாகப் படித்துப் பாருங்கள்.